ஷேர் ஆட்டோவில் வந்த கோழிகள்

நெய்வேலி, பிளாக் 21
11 பிப்ரவரி 2024

எழில்மதியின் அம்மாவுக்கு,

ஹரியின் அம்மா விஜயகுமாரி எழுதுகிறேன். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். எழில்மதியும் நன்றாக இருக்கிறாள்.

நேரில் ஒரு வார்த்தை பேசியிராத ஒருவருக்கு இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நவம்பரில் பதிவுத் திருமணம் முடித்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றபோது உங்கள் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. நாங்களும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் போன வியாழக்கிழமை ஒரு ஷேர் ஆட்டோக்காரர் வந்து மூங்கில் கூடை ஒன்றை இறக்கினார். மேலே பழைய மீன்வலை கட்டியிருந்தது. உள்ளே ஒரு சேவல், இரண்டு கோழிகள்.

"எழில்மதி வூடு இதானுங்களே? அவங்கம்மா குடுத்தாங்க" என்றார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "முத்தாண்டிக்குப்பம் பஸ் ஸ்டாப்பாண்ட முந்திரி கம்பெனி இருக்குது. அதுல வேல செய்யுறாங்க. அம்சவல்லின்னு கேட்டா சொல்லுவாங்க." அதை நம்பித்தான் இந்தக் கடிதம்.

எழில் ஆஸ்பத்திரியில் டியூட்டி முடித்து வந்து கூடையைப் பார்த்தாள். கறுப்புக் கோழியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "அத்தை, அதுங்களுக்குத் தண்ணி வைங்க" என்றாள். அம்மாவுக்கு போன் போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். "வீட்டுல ஒரு போன்தான். அப்பாதான் எடுப்பாரு. வேணாம்" என்று உள்ளே போய்விட்டாள்.

எனக்குக் கோழி வளர்த்துப் பழக்கமில்லை. அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊரில் மாமியார் பஞ்சாரக் கூடை போட்டு அடைத்து வளர்த்தார்கள். நான் எட்ட நின்று பார்த்ததோடு சரி. இந்தச் சேவல் என்னை முறைக்கிறது. என்ன தீனி போடுவது, எங்கே அடைப்பது, ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்காரர், "வந்த ஆட்டோவுலயே திருப்பி அனுப்பு" என்கிறார். நீங்கள் எழுதுகிறவரை அனுப்பமாட்டேன்.

இப்படிக்கு,
விஜயகுமாரி


முத்தாண்டிக்குப்பம்
20 பிப்ரவரி 2024

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அம்சவல்லி வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் வீட்டில் எல்லாரும் அப்படியே இருக்க வேண்டும்.

சம்பந்தியம்மா என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

எனக்குக் கடிதம் என்றதும் கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண்கள் கோர்ட்டிலிருந்து வந்துவிட்டது என்று பயந்துபோனார்கள். என் கையெல்லாம் முந்திரிக்கொட்டைக் கறை. சாயந்திரம் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பிரித்தேன்.

கறுப்பு எழிலுடையது. வேலைக்குப் போய் வந்ததும் முதலில் அதைத்தான் கூப்பிடுவாள். செவலை நன்றாக முட்டை வைக்கும், ஆனால் சண்டைக்காரி. சேவல் இளசு. முறைக்கும், கொத்தாது. நீங்கள் கையில் குச்சி வைத்துக்கொள்ளாதீர்கள், குச்சியைப் பார்த்தால்தான் அதற்குக் கோபம் வரும். காலையில் நொய்யோ கம்போ ஒரு கை போட்டால் போதும், மீதியை அதுவே கிளறித் தின்னும். ஒரு வாரம் கட்டிப் போடுங்கள். அப்புறம் உங்கள் வீட்டைத் தன் வீடு என்று தெரிந்துகொள்ளும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு மாட்டாஸ்பத்திரியில் ஊசி போடுவார்கள், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சீர் என்று நினைத்து அனுப்பவில்லை. ஒரு பெண் கையை வீசிக்கொண்டு வீட்டை விட்டுப் போனது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் தங்கராசு மைன்ஸில் கான்ட்ராக்டில் இருக்கிறார். கோழி அனுப்பியதை அவரிடம் சொல்லவில்லை. மூன்று குறைகிறது என்று அவரே கண்டுபிடித்தார். "நரி தூக்கிகினு போயிடுச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்ல நரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடிதம் போட்டால் கம்பெனி விலாசத்துக்கே போடுங்கள்.

வணக்கத்துடன்,
அம்சவல்லி


நெய்வேலி
16 மார்ச் 2024

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நானும் இப்படியே எழுதுகிறேன், கூப்பிட நன்றாகத்தான் இருக்கிறது. இங்கே எல்லாரும் சௌக்கியம். வெயில் ஏறிவிட்டது. அந்தக் கம்பெனித் தகரக் கூரைக்குக் கீழே நீங்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறீர்களோ, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பி அனுப்பு என்று சொன்ன மனிதர் இப்போது கூடு கட்டியிருக்கிறார். ஏலத்தில் எடுத்த பழைய கன்வேயர் பெல்ட் துண்டுதான் கூரை. மைன்ஸில் அத்தனை பெரிய மெஷினை ஓட்டுகிறவர், இந்த நாலடிக் கூட்டுக்கு லீவு நாளெல்லாம் குனிந்து கிடந்தார். எதிர்வீட்டு சுப்பிரமணியன் சார் வந்து, "மாடசாமி, இதுக்கு எத்தனை ரூம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். இவர் சேவலுக்கு மைன்ஸ் பெரிய அதிகாரி மாதிரி ஜி.எம். என்று பெயர் வைத்திருக்கிறார். காலையில் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஒரு ரவுண்டு போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு வேலையும் செய்யாமல் நிழலில் நிற்கிறதாம்.

மைன்ஸில் வெடி வைத்தால் தரை லேசாக அதிரும். எங்களுக்குப் பழகிவிட்டது. உங்கள் கோழிகள் முதல் தடவை மாமரத்து உச்சிக்கு ஏறிவிட்டன. ஏணி வைத்து இறக்கினோம்.

கறுப்பு முதல் முட்டையை எங்கே வைத்தது என்று கேளுங்கள். பின் வராந்தாவில் அவர் கழற்றி வைத்திருந்த ஹெல்மெட்டில். செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பியவர், "ஏட்டி, இத எந்திரிக்கச் சொல்லு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று என்னைக் கூப்பிடுகிறார். அது அசையவில்லை. பழைய ஹெல்மெட்டைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து புதுசு அதற்கே சொந்தம். இப்போது இரண்டு நாளாக அதை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. கிட்டே போனால் சிலிர்த்துக்கொண்டு சீறுகிறது. நோயா?

எழில் உங்கள் கடிதத்தை மேசையில் பார்த்தாள். கையெழுத்தை வைத்தே தெரிந்திருக்கும். பிரிக்கவில்லை. காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு டம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

அன்புடன்,
விஜயகுமாரி


முத்தாண்டிக்குப்பம்
2 ஏப்ரல் 2024

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அம்சவல்லி எழுதுவது. நாங்கள் சுகம். கண்ணில் மட்டும் கொஞ்சம் எரிச்சல், முந்திரி வறுக்கும் புகைதான், வேறொன்றும் இல்லை. நீங்கள் எல்லாரும் நலமா?

ஹெல்மெட் கதையைக் கம்பெனியில் வாசித்துக் காட்டினேன். மேஸ்திரிகூட சிரித்தார்.

அது நோய் இல்லை, அடைக்கு வந்திருக்கிறது. ஒரு அகலமான கூடையில் மணல் போட்டு, மேலே வைக்கோல் பரப்பி, முட்டைகளை வைத்து அதைத் தூக்கி உட்கார வையுங்கள். ஓரத்தில் ஒரு இரும்புத்துண்டும் கரியும் போட்டு வைப்பது எங்கள் பழக்கம், இடி இடித்தால் முட்டை கெடாது என்பார்கள். உண்மையா என்று தெரியாது, நான் போடாமல் வைத்ததில்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை தானாக இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு ஏறும். அப்போது யாரும் எதிரில் நிற்க வேண்டாம்.

இன்னொன்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். போன அக்டோபரில் பிள்ளைகள் விஷயம் பேச எங்கள் வீட்டுக்காரர் உங்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். கேட்டுக்கு வெளியே நின்று பேசிவிட்டுத் திரும்பினார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "கேட்டு கம்பி சுட்டுது" என்றார். அதற்குமேல் இன்றுவரை ஒன்றும் சொன்னதில்லை. அவர் கோபக்காரர் இல்லை. மகள் மேல் அவருக்குக் கோபமும் இல்லை. கூப்பிடாத வீட்டுக்குப் போய் மறுபடியும் நிற்க அவரால் முடியவில்லை. எழிலும் அவரைப் போலத்தான். அவர் வந்து பேசட்டும் என்று இவள், இவள் வந்து பார்க்கட்டும் என்று அவர். நடுவில் நான்.

அவளைப் பற்றி இன்னும் ஒரு வரி கூடுதலாக எழுதுங்கள்.

அம்சவல்லி


நெய்வேலி
6 மே 2024

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

எல்லாரும் நலமாக இருக்கிறோம். கண் எரிச்சல் எப்படி இருக்கிறது? ராத்திரி படுக்கும்போது இமையில் விளக்கெண்ணெய் தடவிப் பாருங்கள்.

குஞ்சு பொரித்துவிட்டது! இரண்டு முட்டைதான் வீண். மற்றதெல்லாம் உயிரோடு வந்து அம்மா பின்னால் ஓடுகின்றன. ஒன்று மட்டும் முட்டை ஓட்டை உடைக்க முடியாமல் திணறியது. நான் தொடப் போனேன். இவர் என் கையைத் தட்டிவிட்டு, "விடு, அதுவே வரட்டும்" என்று பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அது வெளியே வந்த பிறகுதான் ஷிப்டுக்குப் போனார். ஹரி பிறந்த அன்று இந்த மனிதர் ஓவர்டைம் பார்க்கப் போயிருந்தார், அதையும் சொல்லிக் காட்டினேன்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரி. எழில் இப்போது காலையில் கூட்டுப் பக்கம் வருவதில்லை. முட்டை வாசனை ஆகவில்லை என்கிறாள். வெங்காயம் வதக்கினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறாள். டியூட்டி முடிந்து வந்ததும் படுத்துத் தூங்குகிறாள். நேற்று எங்கள் மரத்து மாங்காயை உப்புத் தொட்டு ஒருத்தியே தின்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே சொல்லட்டும். நீங்களும் ஒன்றும் கேட்காதீர்கள்.

அன்புடன்,
விஜயா


முத்தாண்டிக்குப்பம்
15 மே 2024

என் அன்பான சம்பந்தியம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். மிகவும் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று முத்துமாரியம்மனுக்கு விளக்குப் போட்டேன்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.

குஞ்சுகளுக்குக் கரையான் பிடித்துப் போட்டால் நன்றாகத் தேறும். ஒரு பழைய பானையில் காய்ந்த சாணியும் கந்தல் சாக்கும் வைத்து, தண்ணீர் தெளித்து, கரையான் இருக்கிற இடத்தில் சாயந்திரம் கவிழ்த்து வையுங்கள். காலையில் பானை நிறைய இருக்கும். பருந்துக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோக்காரரிடம் ஒரு பை கொடுத்திருக்கிறேன். நாட்டு மாங்காயும் முந்திரிப்பருப்பும் இருக்கிறது. எங்கள் மரத்துப் பலா பழுத்துத் தெருவெல்லாம் மணக்கிறது. அதையும் பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்புறம் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எழிலுக்குப் பலா என்றால் உயிர், அடுத்த வருஷம் தின்றுகொள்ளட்டும்.

வீட்டுக்காரர் பையைப் பார்த்தார். "நரிக்கு மாங்காய்லாம் புடிக்குமா?" என்றார். இப்போது பிடிக்கும் என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுத் தோப்புப் பக்கம் போனார். திரும்பி வரும்போது துண்டில் இன்னும் நாலு மாங்காய் கட்டிக்கொண்டு வந்து பையில் போட்டார்.

அவளைக் குனிந்து கனம் தூக்கவிடாதீர்கள். கூட்ட பஸ்ஸில் நிற்கவிடாதீர்கள். நீங்கள் இருக்கிறீர்கள், நான் ஏன் சொல்கிறேன்.

அம்சவல்லி


முத்தாண்டிக்குப்பம்
14 ஜூன் 2024

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

அனைவரும் நலம்தானே? பை வந்து சேர்ந்ததாக ஆட்டோக்காரர் சொன்னார். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால்காரர் கம்பெனிப் பக்கம் திரும்பும்போதெல்லாம் கை வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன்.

குஞ்சுகள் எப்படி இருக்கின்றன? அம்மை போட்டதா? நீங்கள் சும்மா நாலு வரி எழுதினால் போதும். ஊருக்குப் போயிருக்கிறீர்களா?

அம்சவல்லி


நெய்வேலி
27 ஜூன் 2024

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உடனே பதில் போட முடியவில்லை. வேலை சரியாக இருந்தது. இங்கே ஒன்றும் விசேஷம் இல்லை. குஞ்சுகளில் மூன்றைப் பருந்து தூக்கிவிட்டது. மற்றவை வளர்ந்துவிட்டன. அவர் கூட்டைச் சுற்றி வலை கட்டியிருக்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். இளங்கோழியைப் பத்தியத்துக்கு உங்கள் பக்கம் எப்படிச் சமைப்பீர்கள்? பூண்டு எவ்வளவு, மிளகு எவ்வளவு? பெருங்காயம் சேர்க்கலாமா? நான் எங்கள் ஊர் மாதிரி நல்லெண்ணெய் ஊற்றி வைத்துக் கொடுத்தேன். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பழகிய ருசியாக இருந்தால் கொஞ்சம் சாப்பிடலாம் என்று தோன்றுகிறது.

மற்றபடி நலம்.

விஜயகுமாரி


முத்தாண்டிக்குப்பம்
1 ஜூலை 2024

சம்பந்தியம்மா,

பூண்டும் பெருங்காயமும் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு என்று எழுதவில்லை. எழிலுக்கு முன்னால் எனக்கு ஒன்று தங்காமல் போயிற்று. அப்போது என் அம்மா இதைத்தான் வைத்துக் கொடுத்தாள். அதனால் யாருக்கு என்று நான் கேட்கப்போவதில்லை.

முழுப் பூண்டு ஒன்றை உரித்துத் தட்டிப் போடுங்கள். மிளகும் சீரகமும் அம்மியில் ஒன்றிரண்டாக. பெருங்காயம் சேர்க்கலாம், வறுத்துச் சேர்க்க வேண்டும். எண்ணெய் துளிதான். தக்காளி வேண்டாம், இந்தச் சமயத்தில் எழிலுக்குப் புளிப்பு ஆகாது. எலும்பிலிருந்து கறி கழன்று வருகிறவரை வேகட்டும். சோற்றைக் குழைய வடித்து, உருட்டிக் கையில் கொடுத்தால் சாப்பிடுவாள். தட்டில் போட்டு வைத்தால் சாப்பிடமாட்டாள். சின்ன வயதிலிருந்தே உடம்புக்கு முடியவில்லை என்றால் அப்படித்தான்.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கையில் இருந்ததையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் போகிறேன் என்றேன். "அவங்க கூப்ட்டா போ" என்றார். கூப்பிடவில்லை என்றால் என்று கேட்டேன். சோறு போட்டேன், கை வைக்காமல் எழுந்துவிட்டார்.

உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. என் மகளைப் பார்க்க என்னைக் கூப்பிடுங்கள். நான் மட்டும் என்றால் வாசலில் நின்றாவது பார்த்துவிட்டு வந்துவிடுவேன். அவர் அதைத் தாங்கமாட்டார். உங்கள் வீட்டிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும்.

அம்சவல்லி


நெய்வேலி
23 ஜூலை 2024

அன்புள்ள அம்சாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். எங்கள் எல்லாருக்கும் சுகம். எழில் இன்று எழுந்து தானே தலைக்குக் குளித்தாள். மத்தியானம் நீ வைத்துவிட்டுப் போன பூண்டு ஊறுகாயோடு ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அடுத்த வாரம் டியூட்டிக்குப் போகிறேன் என்கிறாள். ஹரி முகத்திலும் கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கிறது.

இங்கே இருந்த நாளெல்லாம் நாம் பேசாத பேச்சில்லை. ஆனாலும் சிலதை எழுத்தில்தான் சொல்ல வருகிறது. அது தங்காமல் போய் எழிலை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த அன்றைக்கே உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதாதீங்க அத்தை. அம்மாவால வர முடியாது, அங்க கெடந்து தவிப்பாங்க" என்றாள். அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால்தான் பெருங்காயத்தைப் பற்றி எழுதினேன். நீ புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேனா, புரியக்கூடாது என்று எழுதினேனா, எனக்கே தெரியவில்லை.

உன் பதில் வந்ததும் அதை அப்படியே எங்கள் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் படித்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சவரம் செய்துகொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். எங்கே என்று கேட்டேன். "ஒரு வேல இருக்கு" என்றார். மத்தியானம் பார்த்தால் பஸ் ஸ்டாப்பிலிருந்து நீ முன்னால் நடந்து வருகிறாய், அவர் உன் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு பின்னால் தள்ளிக்கொண்டே வருகிறார்.

அங்கே என்ன நடந்தது? அவர் சொல்லமாட்டேன் என்கிறார். உன்னைக் கேட்டபோதெல்லாம் அவர் பக்கத்திலேயே நின்றார், நீயும் சிரித்து மழுப்பிவிட்டாய். இப்போது எழுது.

உன்,
விஜயா அக்கா


முத்தாண்டிக்குப்பம்
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி அம்சா எழுதுவது. நான் சுகம். எழில் சாப்பிட்டாள் என்று படித்ததும் எனக்குப் பசித்தது.

நடந்ததை எழுதுகிறேன். சம்பந்தியிடம் காட்டாதீர்கள்.

வீட்டுக்காரர் வேலிப் படலைச் சரிகட்டிக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் வந்து நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சம்பந்தி வண்டியிலிருந்து இறங்கினார், படலுக்கு வெளியிலேயே நின்றார். நல்ல வெயில். இவர் கயிற்றை முடிந்துகொண்டே இருந்தார். நான் உள்ளேயிருந்து ஓடி வந்தேன், வாங்க என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. இவர் சொல்லாமல் நான் எப்படிச் சொல்வது?

"உள்ள வரலாமா?" என்று சம்பந்தி கேட்டார்.

இவர் கயிற்றைக் கீழே போட்டார். "வாங்க. வாசல்ல நிக்க வச்சி பேசறது எங்களுக்குப் பழக்கமில்லீங்க" என்றார்.

சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். "சரிதான்" என்றார். செருப்பைப் படலுக்கு வெளியே கழற்றிவிட்டு, அந்தச் சுடுமணலில் வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

எங்களிடம் ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். இவர் துண்டால் துடைத்துப் போட்டு, "குந்துங்க" என்றார். "நீங்களும் உக்காருங்க" என்றார் அவர். "நான் நிக்கறங்க." அவரும் உட்காரவில்லை. நாற்காலி நடுவில் கிடக்கிறது, இரண்டு ஆம்பிளைகளும் நிற்கிறார்கள். கடைசியில் பலாமரத்துக்குக் கீழே வேரில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நாற்காலியில், கழுத்தில் இறகில்லாத எங்கள் கழுத்தறுப்பான் சேவல் ஏறி நின்றது.

தண்ணீர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார். அப்புறம் இவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உங்க பொண்ணு பகலெல்லாம் செவத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கு. என் வீட்டுக்காரி என்னென்னமோ செஞ்சு குடுக்கா. சாப்பிட மாட்டேங்கு. எனக்குப் பாக்க முடியல. அவுக அம்மாவ அனுப்பி வைங்க. நான் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து என்னிடம் வந்து, "துணி எடுத்துக்கோ" என்றார். தானே கோழியைப் பிடித்து அறுத்து, மஞ்சள் தடவித் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தார். நீங்களும் வாங்க என்று சம்பந்தி கூப்பிட்டார். "அவ போவட்டும். நான் பொறவு வரேன்" என்றார். பிறகு என்றால் எப்போது என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பி வந்த அன்றைக்கு, அவள் எப்படி இருக்கிறாள் என்று மூன்று தடவை கேட்டார், போய்ப் பாருங்கள் என்றால் மைன்ஸில் வேலை அதிகம் என்கிறார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். சம்பந்தி ஸ்கூட்டரில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தார். முந்திப் போகவே இல்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், நின்றுகொண்டிருந்தார்.

உங்கள் தங்கச்சி,
அம்சா


நெய்வேலி
20 அக்டோபர் 2024

அன்புள்ள அம்சாவுக்கு,

இங்கே எல்லாருக்கும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. உன் பக்கம் ஒழுகாமல் இருக்கிறதா? ஈரத்தில் நிற்காதே.

நேற்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. உன் வீட்டுக்காரர் உன்னிடம் சொன்னாரா என்று தெரியாது. சொல்லியிருக்கமாட்டார்.

மத்தியானம் துணி எடுக்கப் பின்பக்கம் போனேன். கூட்டருகே இரண்டு பேர் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இவர். இன்னொருவர் மைன்ஸ் சட்டையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு. "வடக்கால இருந்து சாரல் அடிச்சா தண்ணி நேரா உள்ளதான் போவுங்க" என்று குரல் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, எழிலின் பேச்சு அப்படியே. எழுந்து எனக்குக் கும்பிட்டார். "கோழிங்கள பாத்துட்டு போலாம்னு வந்தன்" என்றார். ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

அப்புறம் ஆணியும் சுத்தியலுமாக இரண்டு பேரும் கூரையைப் பிரித்துவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் மேலே, இவர் கீழே. "அந்தப் பக்கம் எறக்குங்க", "இதுக்கு மேல எறங்காது", "எறங்கும், இழுங்க". இவர் மேல் யாராவது இப்படி அதிகாரம் செய்து நான் பார்த்ததில்லை. ஜி.எம். கூட ஒதுங்கி நின்றது.

எழில் டியூட்டி முடிந்து வந்தாள். வீட்டில் யாரையும் காணோமே என்று யூனிஃபார்மோடு நேரே பின்பக்கம் வந்துவிட்டாள். கூரைமேல் அப்பா. அவர் வாயில் நாலைந்து ஆணிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். பேச முடியவில்லை. இவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். இவர் ஏதோ எடுக்கப் போவது போல வீட்டுக்குள் போய்விட்டார். நானும் போயிருக்க வேண்டும். கால் வரவில்லை.

"டூட்டி முடிஞ்சிதா?" என்றார்.

"முடிஞ்சிதுப்பா."

"நின்னுகினே இருக்கற வேலையா?"

"இல்லப்பா. இப்ப வார்டு மாத்திட்டாங்க. உக்காரலாம்."

"சாப்ட்டியா?"

"இல்ல. நீங்க?"

அவர் கூரையிலிருந்து இறங்கினார். இறங்கி நின்று அவள் தலையில் கையை வைத்தார். கையெல்லாம் துருவும் சேறுமாக இருந்தது. அவள் தலையை விலக்கவில்லை. நான் அப்போதுதான் உள்ளே ஓடினேன்.

ஒன்றும் விசேஷமாகச் சமைத்திருக்கவில்லை அம்சா. கத்தரிக்காய்க் குழம்பு, ரசம், அப்பளம். முன்னமே தெரிந்திருந்தால் என்று எனக்குத் தவிப்பு. மூன்று பேரும் கூடத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். ஹரி அப்போதுதான் ஷிப்டிலிருந்து வந்து, மாமனாரைப் பார்த்துவிட்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் அப்படியே நின்றான். உன் வீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து தனக்குப் பக்கத்தில் இடம் விட்டார். ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் மருமகன். வெளியே மழை வலுத்தது. புதுக் கூரையில் தண்ணீர் நிற்கிறதா என்று இரண்டு பெரியவர்களும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். எழில் சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று.

நான் ரசம் ஊற்றிக்கொண்டு வந்தேன். முதலில் இவருக்கு, அப்புறம் ஹரிக்கு. உன் வீட்டுக்காரர் முன்னால் போனபோது கூச்சப்படுவாரோ என்று ஒரு கரண்டியோடு நிறுத்திவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க சம்பந்திம்மா" என்றார். ஊற்றினேன். அவசரத்தில் பாதி கீழே சிந்தியது. ரசத்தைக் கையில் ஊற்றச் சொல்லிக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

இவர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். இரண்டு பேரும் முழுக்க நனைந்திருப்பார்கள். நேற்று அவர் ஈரத்தோடு வந்து நின்றது ஏன் என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும். அவராகச் சொல்கிறவரை தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. தலையை நன்றாகத் துவட்டச் சொல்.

உன் அக்கா,
விஜயா